பணம் போடுபவர் மட்டுமா தயாரிப்பாளர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடி வெளியிடும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் இப்படிப் பாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை ஒரு நாளிதழ் கவனித்தது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், நல்ல தயாரிப்பாளர் கிடைத்தால் இவர்கள் முன்னுக்கு வருவார்கள் என்று எழுதியிருந்த இடத்தில், தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் என்றே பொருள் கொள்ளும்படி இருந்தது. அந்தச் சொல்லைப் பற்றியும், அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பற்றியும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. தங்கச்சிமடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மைக் செட் வாடகைக்கு விட்டவன், கடந்த இரண்டு ஆண்டுகளாக என் அக்காள் மகளுக்குத் துணையாக ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போய்வருகிறவன் என்பதைத் தவிர, இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

தயாரிப்பாளர் என்றதும் நமக்குச் சினிமா முதலாளிதான் நினைவுக்கு வருகிறார். சட்டமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு ஒன்றைச் செய்வதற்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்பவரே அதன் தயாரிப்பாளர். ஒலிப்பதிவுக் கூடத்தில் மியூசிக் புரொட்யூசர் என்று சொல்லப்படுபவரோ வேறு ஆள். அவர் மெட்டுப் போட்டாக வேண்டும் என்பதில்லை. மைக்கைப் பொருத்திப் பதிவு செய்யும் பொறியாளராக இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டையும் தாமே செய்துகொள்பவர்களும் உண்டு. பாடுகிறவருக்கு எந்தச் சுருதி பொருந்தும், எந்த வேகம் பொருந்தும், கூடவே எந்த வாத்தியம் இருக்கலாம், எது இருக்கவே கூடாது, பத்துத் தடவை பாடியதில் எதை வைத்துக்கொள்வது, எந்த இடத்தில் போதும் என்று கையை எடுத்துவிடுவது என்பதையெல்லாம் பாடுகிறவரோடு உட்கார்ந்து தீர்மானிப்பவர் அவர். நம் சினிமாவில் இந்த வேலை இசையமைப்பாளரின் பெயருக்குள்ளேயே அடங்கிப்போனதால் இதற்கென்று தனிப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சினிமாவின் துணை இல்லாமல் தனியாகப் பாட வருகிற பிள்ளைக்குத்தான் அந்த நாற்காலி காலியாகக் கிடப்பது தெரிகிறது.

அந்த நாற்காலி காலியாக இருந்தபோது எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகள் பாடுவது ஒரு கரைவலைப் பாட்டு. என் தகப்பனார் தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுத்தவர். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க ஆட்கள் விரைந்து இழுப்பார்கள். பாட்டும் கூடவே ஓட்டம் பிடிக்கும். அதே பாட்டைக் கரையில் கருவாடு காயப்போட்டபடியே கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்ட என் தாயார், வீட்டில் எங்களைத் தூங்கவைக்க அதை மிக மெதுவாகப் பாடுவார். நடுநடுவே தம்முடைய சொந்த அடிகளையும் சேர்த்துக்கொள்வார். அக்காள் மகளுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பாட்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வெளியூரில் உள்ள ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் 22,000 ரூபாய் கட்டி அதைப் பதிவு செய்தோம். வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தாளம் அவர்களுடைய கணினியில் ஏற்கெனவே இருந்தது. அந்தத் தாளத்தோடு வந்த இசை ஆறு கட்டைச் சுருதியில் இருந்ததால் பிள்ளையும் ஆறு கட்டையில்தான் பாட வேண்டும் என்றார்கள். மேலே போகும் இடங்களில் தொண்டை நெரிந்தது எனக்கே கேட்டது. அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் வரும் சொற்களைப் புத்தகத் தமிழாகத் திருத்திப் பாடச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பாட்டு கைப்பேசிக்கு வந்தது. என் அக்காள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி, நம்ம புள்ள எப்பப் பாடும்?" என்று கேட்டார்.

அந்த ஆடி மாதம் இராமேசுவரம் சாலையில் தள்ளுபடி விளம்பரம் செய்துகொண்டு போன ஆட்டோ ஒன்றில் அதே தாளம், அதே இடத்தில் அதே உருட்டு, அச்சு மாறாமல் கேட்டது. இணையத்தில் ஆயத்தத் தாளங்களை விற்பவர்கள் ஒரே தாளத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தும் உரிமையோடு வாடகைபோலக் கொடுப்பதுண்டு என்பதும், தனியுரிமை வேண்டுமானால் அதற்கு வேறு விலை என்பதும் அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் வாடகைக்கு விட்ட குழாய் ஒலிபெருக்கியை அடுத்த வாரம் இன்னொருவர் வீட்டுக் கலியாணத்தில் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இங்கே வாடகைக்கு வாங்குகிறோம் என்பதையே எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று அந்தக் கூடத்தார் சொன்னது, விலகிய சுரத்தைக் கணினியில் திருத்தும் ஆட்டோடியூன் என்ற மென்பொருளை. அதைக் கண்டுபிடித்த ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன்பு அதிர்வலைகளைக் கொண்டு நிலத்தடி எண்ணெய் இருக்கும் இடத்தைக் கணிக்கும் துறையில் வேலை செய்தவர். 1997இல் அது விற்பனைக்கு வந்தது. கருவியின்மேல் எனக்குப் பகை இல்லை. ஒரு நல்ல பாட்டில் ஓரிடத்தில் சுரம் மயிரிழை விலகியிருந்தால், யாருக்கும் தெரியாமல் அதை இழுத்து வைக்க அது உதவும். ஆனால் அதை இறுக்கமாக வைத்தால், ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குக் குரல் வழுக்கிப் போகும் வழியையெல்லாம் படிக்கட்டாக வெட்டிவிடும். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுக்கும் உயிர் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. இதே இராமநாதபுரத்தில் 1925இல் பிறந்த நாகூர் ஹனிபா அவர்களின் பாட்டை நான் எத்தனையோ கந்தூரி இரவுகளில் ஒலிபரப்பியிருக்கிறேன். அந்த வெண்கலக் குரலை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி சற்று மென்மையாக்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று சில நேரம் நினைத்துப் பார்ப்பேன்.

இரண்டாவது முயற்சி சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால் என் மச்சானும் வீட்டில் இருந்தார்; ஊரே சற்று அடங்கியிருந்தது. மதுரையில் சிறிய கூடம் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், பிள்ளையை அங்கே கூப்பிடாமல் தாமே மே மாதத்தில் தங்கச்சிமடம் வந்தார். முதல் நாள் அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. பிள்ளையைப் பேசச் சொன்னார், பாடச் சொன்னார், மறுபடி பேசச் சொன்னார். அவளுக்குப் பிடித்த மூன்று பாட்டுகளைப் போடச் சொல்லி, அந்த ஒவ்வொன்றிலும் பிடித்தது குரலா, தாளமா, நடுவில் விட்டிருக்கும் இடைவெளியா என்று கேட்டார். எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது. நேரம் ஓடுகிறதே என்றுகூட நினைத்தேன். மூன்று பாட்டிலும் அவளுக்குப் பிடித்திருந்தது வாத்தியம் குறைவாக இருக்கும் இடங்கள்தான் என்பது மாலைக்குள் தெளிவாகிவிட்டது. இந்தப் பாட்டை யாரிடம் கற்றாய் என்று அவர் கேட்ட பிறகுதான், அப்பாவின் வேகமும் அம்மாவின் வேகமும் வேறு வேறு என்பதை நானே முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

சுருதியை ஆறு கட்டையிலிருந்து நாலரைக் கட்டைக்கு இறக்கினார். மூன்று அரைச்சுரம்தான் வித்தியாசம். அதற்குள் அவள் பேசுகிற குரலே பாடுகிற குரலாக வந்து நின்றது. அடுத்து வேகம். கூடங்களில் காதுக்குள் டிக் டிக் என்று ஒரு கடிகாரத் தட்டு ஓடும்; கிளிக் என்பார்கள். அதற்கு ஒத்துப் பாடினால் பிறகு வாத்தியங்களைச் சேர்ப்பது எளிது. இந்தப் பாட்டு அந்தத் தட்டுக்குள் அடங்கவில்லை. மூன்று முறை பார்த்துவிட்டு அவர் அதை அணைத்துவிட்டார். பிள்ளையைத் தன் போக்கில் பாடவிட்டு, அவள் எங்கே தயங்கினாள், எங்கே ஓடினாள் என்பதைப் பிறகு கணினியில் அளந்து, அந்த அளவின்மேல்தான் மற்றவற்றை வைத்தார். டெம்போ மேப் என்று அதற்குப் பெயராம். வேலை மூன்று மடங்கு கூடுகிறது. அதனால்தான் அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை.

பதிவு நடந்தது எங்கள் வீட்டின் உள்ளறையில். நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தார். சிமெண்டுச் சுவர்களுக்கு இடையே சத்தம் தகரம்போல் அதிர்ந்தது. இரண்டு பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, கொடியில் கம்பளிகளைத் தொங்கவிட்டு மறுபடி தட்டினார், அதிர்வு அடங்கியிருந்தது. மின்விசிறியை நிறுத்தினோம். குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் மைக்கில் ஏறியதால் அதையும் நிறுத்திவிட்டு, தம் மோட்டார் சைக்கிள் சாவியை அதற்குள் வைத்தார். ஏன் என்று கேட்டேன். "சாவி இல்லாம ஊருக்குப் போக முடியாதுல்ல அண்ணே, எடுக்கத் திறக்கும்போது ஃபிரிட்ஜ மறுபடி போட ஞாபகம் வரும், இல்லேன்னா அக்கா வச்சிருக்கிற மீனெல்லாம் கெட்டுப்போகும்" என்றார். இத்தனை ஆண்டு மைக் பிடித்தவன் எனக்கு இப்படி ஒரு வழி தோன்றியதில்லை.

மைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த கன்டென்சர் மைக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது வெளியே கச்சான் காற்றில் தென்னை ஓலை உரசுவதைக்கூட வாங்கியது. அவளுடைய சகர ஓசையையும் ஊசிபோலக் குத்திக் காட்டியது. கடைசியில் என் கடையில் கிடந்த ஷூர் எஸ்எம்58 மைக்கை எடுத்து, வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், அதுவே நிலைத்தது. 1966இல் வந்த வடிவம் அது. திருவிழா மேடைகளில் எத்தனையோ பேரின் கையில் நான் கொடுத்து வாங்கியது. விலையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்காமல் குரலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பதற்காகச் சொல்கிறேன். என் மைக் என்பதில் கொஞ்சம் பெருமை இருப்பதையும் மறைக்கவில்லை.

வாத்தியம் சேர்ப்பதைவிட எடுப்பதில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார். அப்போது அவர் எங்களுக்குச் சொன்ன உதாரணம் அமெரிக்காவின் ஜானி கேஷ். அறுபது வயதைத் தாண்டி, பெரிய நிறுவனங்கள் கைவிட்டிருந்த அந்தப் பாடகரை, ஹிப்ஹாப் இசைத்தட்டுகளால் பெயர்பெற்றிருந்த ரிக் ரூபின் தம் வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்து, பெரும்பாலும் கிட்டாரும் குரலும் மட்டுமாகப் பதிவு செய்து 1994இல் வெளியிட்டார். கேஷின் பெயர் மறுபடி எழுந்தது. நம் பக்கத்திலும் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாப் பாடகர்களையும் ராக், ராப் கலைஞர்களையும் இசையமைப்பாளர் டென்மா ஒன்றுசேர்த்தபோது, கானா கானாவாகவே கேட்டது. அதைச் சுற்றித்தான் மற்றவை நின்றன. ஆகவே எதையும் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி இல்லை. கடற்கரைப் பாட்டு என்றால் பறையோ உறுமியோ ஒன்று அலறியாக வேண்டும் என்ற வழக்கமும் ஆயத்தத் தாளத்தைப்போலவே ஓர் அச்சுதான்.

எந்தப் பாட்டும் காதை அடைக்கும்படி இருக்க வேண்டும் என்ற ஆசையைப் பற்றி நான் சொன்னால் சிரிப்பு வரலாம். அந்த ஆசையால் பிழைத்தவன் நான். ஒரே தெருவில் இரண்டு பந்தல் போட்டால், அந்தப் பந்தல்காரர் ஒரு சுற்று ஏற்றுவார், நாங்கள் இரண்டு சுற்று ஏற்றுவோம், விடியும்போது இரண்டு குழாயிலும் வார்த்தை புரியாது. பாட்டை வெளியிடும்போதும் பலர் இப்படித்தான் இறுதிக் கலவையில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நசுக்கி நசுக்கிச் சத்தத்தை ஏற்றுகிறார்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே சத்த அளவுக்கு, அவர்கள் கணக்கில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற அளவுக்கு, தாமே இறக்கிக்கொள்கின்றன. நசுக்கிய பாட்டு அங்கே போய்ச் சத்தமும் குறைந்து, நசுங்கியபடியே கிடக்கும்.

இனிப் பணமும் உரிமையும். முதல் கூடத்தில் நாங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. போடச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை. பாட்டு வெளியானபோது பாடலாசிரியர் என்ற இடத்தில் அந்தக் கூடத்தைச் சேர்ந்தவர் பெயர் இருந்தது. கரைவலை அடிகள் ஊர்ச்சொத்து, அவற்றுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நடுவில் இருந்த எட்டு அடிகள் என் தாயார் கட்டியவை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எழுதியவர் அவர் இல்லை என்று ஆகிவிடுமா? மூன்று மாதம் அலைந்த பிறகு பாட்டை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது இளைஞரோடு இரண்டு பக்கத் தாளில், தமிழில், எழுதிக்கொண்டோம். ஒரு பாட்டுக்கு 15,000 ரூபாய், வரும் வருவாயில் நூற்றுக்கு இருபது பங்கு அவருக்கு. பிரித்துப் பதிந்த தடங்கள் எல்லாவற்றிலும் ஒரு படி எங்களுக்கு. பாடியவர், அடி கட்டியவர், ஒலிக்கு வடிவம் தந்தவர் என்று மூன்று பெயர்களும் வெளியீட்டில் வர வேண்டும். எழுத்து வேலையை எங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் பார்த்துக் கொடுத்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது: 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்கு வர வேண்டிய உரிமத்தொகைப் பங்கைத் தம் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது, பாடியவருக்கும் அவர் பாடியதை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் உரிமத்தொகை உண்டு, தம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு, பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் கால அளவு குறிப்பிடாமல் விட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். படகுப் பங்கில் ஓட்டுநருக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு என்று கரையிலேயே கணக்குத் தீர்க்கிற நம் ஆட்கள், பாட்டுக்கு மட்டும் ஏன் வாய்ப்பேச்சை நம்புகிறார்கள் என்று தெரியவில்லை.

எல்லாவற்றிலும் அந்த இளைஞர் சொன்னதே நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டின் தொடக்கத்தில் அலையோசை இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் ஒரு விடியற்காலையில் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்து, அதைச் சேர்த்துப் போட்டுக் காட்டினார். கேட்க அழகாகவே இருந்தது. பிள்ளை அரை நிமிடம் கேட்டுவிட்டு, "அண்ணே, இது வடக்குப் பக்கம் எடுத்தது, இது பெண்கடல், பாட்டு ஆண்கடல் பாட்டு" என்றாள். பாக் நீரிணைப் பக்கத்தின் அமைதியான கடலைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தின் கொந்தளிக்கும் கடலை ஆண்கடல் என்றும் நாங்கள் சொல்வது அவருக்குத் தெரியாது. தெற்கே போய் வேறு எடுத்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், பாட்டிலுமா என்று அவள் மறுத்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை, அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவள் மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும்படி விட்டார். பாடுகிறவரின் ஓசை உருவாவது இப்படி மறுப்பும் ஒப்புதலுமாகத்தான் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அவள் மறுக்கக் கூடியவளாக ஆனதற்கு, முதல் நாள் பெட்டியைத் திறக்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்ததும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

இந்த அனுபவம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. தொண்டியிலிருந்தோ மூக்கையூரிலிருந்தோ ஒரு பிள்ளை வெளியூருக்குப் பேருந்து ஏறிப் போய், நான்கு மணி நேரக் கூட வாடகைக்குள் பாடிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. இராமநாதபுரத்தில் இருக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசையும் நாகசுரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். அங்கேயே ஓர் அறையை ஒலிப்பதிவுக்கு ஏற்றபடி அமைத்து, சுருதி தேர்வது, மைக்குக்கு முன்னால் நிற்பது, ஒப்பந்தத் தாளைப் படிப்பது ஆகிய மூன்றையும் விடுமுறை நாட்களில் வெளிப் பிள்ளைகளுக்கும் கற்பித்தால் பெருஞ்செலவு ஆகாது. பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை சமுதாய வானொலியும் இப்படிப் பதிவான பாட்டுகளுக்கு முதல் வாசலாக இருக்க முடியும். மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்கு இதைத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

எங்கள் பாட்டு இன்னும் வெளியாகவில்லை. நான்காவது கலவை போன வாரம் வந்தது. இரண்டாம் சரணத்தில் குரல் ஓர் இழை பின்னால் நிற்கிறது என்று பிள்ளை திருப்பி அனுப்பியிருக்கிறாள். வெளியானதும் ஒரு படி தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். அதுபற்றி எழுத நேர்ந்தால், அந்த இளைஞரைத் தயாரிப்பாளர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்களுக்குப் பணம் போட்டது என் மச்சான் கட்டிய ஏலச்சீட்டு. தகுந்த தமிழ்ச்சொல் ஒன்று நிலைபெறும்வரை மியூசிக் புரொட்யூசர் என்றே போட்டாலும் எங்களுக்கு மறுப்பில்லை.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மைக் செட் உரிமையாளர் (ஓய்வு),
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.